இதயச் சுவர் 13.5 மி.மீ., மூன்று மாதம் துடுப்பைத் தொடக்கூடாது என்கிறார்கள்

#1 · கடைசி500 · திங்கள், இரவு 11.20

வணக்கம். எனக்கு 22 வயது. எட்டு வருடமாகத் துடுப்புப் படகுப் போட்டிகளில் இருக்கிறேன். கடந்த மூன்று வருடமாக நால்வர் படகில் தாளம் கொடுக்கும் இருக்கை என்னுடையது.

பருவம் தொடங்குவதற்கு முன் எடுக்கும் வழக்கமான பரிசோதனையில், ஈசிஜி கொஞ்சம் மாறுபட்டிருக்கிறது என்று எக்கோவுக்கு (ஒலி அலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) அனுப்பினார்கள். இடது கீழறையின் சுவர் 13.5 மி.மீ. இருக்கிறதாம். "பயிற்சியால் தடித்திருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். மூன்று மாதம் எல்லாவற்றையும் நிறுத்து, திரும்ப எக்கோ எடுத்துப் பார்ப்போம்" என்றார் டாக்டர். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். என்ன கேட்பது என்றுகூட அப்போது தோன்றவில்லை.

எனக்கு மயக்கம் வந்ததில்லை, நெஞ்சு வலித்ததில்லை. வீட்டில் யாரும் இளவயதில் திடீரென்று இறந்ததில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் உள்ளரங்கு எந்திரத்தில் 2,000 மீட்டரில் என் சொந்தச் சாதனையை உடைத்தேன்.

இப்போது தூக்கமில்லை. இரவில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி எண்ணுகிறேன். 44 வருகிறது. முன்பெல்லாம் 44 என்று பார்த்தால் பெருமையாக இருக்கும். இப்போது அதே 44-ஐப் பார்த்தால் அடுத்த துடிப்பு வருமா என்று காத்திருக்கிறேன்.

இது பயிற்சியால் மட்டும் வந்திருக்க வாய்ப்பு உண்டா? இந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது? இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.


#2 · அலைவரிசை · செவ்வாய், காலை 6.45

தம்பி, நான் பதினொரு வருடமாக எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை. அதனால் உங்களுக்கு என்ன என்று சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட பின்னணியைச் சொல்லலாம்.

விளையாட்டு வீரரின் இதயம் பெரிதாகும் என்பது பழைய செய்தி. 1899-இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே அவர்களுடைய இதயம் பெரிதாக இருப்பதைக் கண்டுபிடித்தார். 1975-இல் மோர்கன்ராத்தும் கூட்டாளிகளும் எக்கோவில் பார்த்து ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நெடுநேரம் ஓடுபவர், நீந்துபவர் ஆகியோருக்கு அறை விரியும். குண்டு எறிபவர், மல்யுத்த வீரர் போன்றோருக்குச் சுவர் தடிக்கும். அந்தப் பிரிவு இன்று அவ்வளவு கறாராகப் பார்க்கப்படுவதில்லை. ஆனால் துடுப்புப் படகு இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்கிற விளையாட்டு. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் இரத்தம் தள்ளும் இதயம், உச்சநிலை வீரரிடம் 30 லிட்டரைத் தாண்டும். அதோடு ஒவ்வொரு இழுப்பிலும் இரத்த அழுத்தம் எகிறி இறங்கும். அறையும் விரிகிறது, சுவரும் தடிக்கிறது.

இதனால்தான் 1991-இல் இத்தாலியில் பெலிச்சியா குழு 947 உச்சநிலை வீரர்களை அளந்தபோது, 13 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தவர்கள் 16 பேர் மட்டுமே. அந்த 16-இல் 15 பேர் துடுப்புப் படகு அல்லது கனூ வீரர்கள், ஒருவர் சைக்கிள் வீரர். 16 பேருக்கும் அறையும் விரிந்திருந்தது.

சாதாரண ஓட்டக்காரருக்கு 13.5 வந்தால் என் புருவம் உயரும். துடுப்புப் படகு வீரருக்கு வந்தால் அடுத்த எண்ணைப் பார்ப்பேன். அறையின் குறுக்களவு. தசை தடிப்பு நோயான எச்சிஎம்-இல் அறை பெரும்பாலும் சுருங்கியிருக்கும், 45 மி.மீ.க்குக் கீழ். பயிற்சியால் வந்ததில் 55-ஐத் தாண்டியிருப்பதே வழக்கம். தடிப்பு எல்லாப் பக்கமும் சமமா, ஒரு பக்கம் மட்டுமா என்பதும் முக்கியம். தசை தளரும்போது இதயம் எவ்வளவு எளிதாக நிரம்புகிறது என்பதும் முக்கியம். 13 முதல் 15 வரை உள்ள இடத்தைச் சாம்பல் பகுதி என்போம். அங்கே ஒரே எண்ணை வைத்து யாரும் முடிவு செய்ய முடியாது. ஒரே நெஞ்சை இரண்டு பேர் அளந்தால் ஒரு மி.மீ. வித்தியாசம் வருவது சகஜம் என்பதையும் மனதில் வையுங்கள்.

உங்கள் அறிக்கையில் அறையின் அளவு என்ன போட்டிருக்கிறது?


#3 · கடைசி500 · செவ்வாய், காலை 7.10

58 என்று இருக்கிறது. "சுவர் தடிப்பு சீரானது" என்று ஒரு வரியும் இருக்கிறது. இதை யாரும் எனக்கு விளக்கவே இல்லை.


#4 · அலைவரிசை · செவ்வாய், காலை 7.25

அந்த இரண்டும் நல்ல பக்கம் சாயும் தகவல்கள். முடிவு அல்ல. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தசையில் தழும்பு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும்.

பயிற்சியை நிறுத்தச் சொன்னது தண்டனை அல்ல, அதுவே ஒரு பரிசோதனை. 1993-இல் ஆறு ஒலிம்பிக் வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். சுவர்த் தடிப்பு 15 முதல் 33 சதவீதம் வரை குறைந்தது. நோயால் தடித்த சுவர் ஓய்வில் அப்படி இறங்காது. ஆறே பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் இன்றுவரை இந்த வழி நிற்கிறது.


#5 · வெள்ளிச்சீட்டி · செவ்வாய், காலை 9.30

முப்பது வருடமாகத் தடகளப் பயிற்சியாளர். தம்பி, உன்னைப் பரிசோதனைக்கு அனுப்பிய சங்கத்துக்கு நன்றி சொல். என் இளமையில் ஈசிஜி என்ற பேச்சே கிடையாது. கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோயே 2003-இல் லியோன் மைதானத்தில் விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். அவருக்கு இருந்தது இதே இதயத் தசைத் தடிப்பு நோய். அன்றிலிருந்து என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈசிஜி கட்டாயம்.

இத்தாலியில் 1982 முதல் இது சட்டப்படி நடக்கிறது. வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. 89 சதவீதம். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?


#6 · சராசரிக்குக்கீழே · செவ்வாய், பிற்பகல் 1.15

விளையாட்டு அறிவியலில் ஆய்வு மாணவி. #5-இல் சொன்ன எண்கள் சரி, 2006-இல் வந்த கொராடோ குழுவின் கட்டுரை. ஆனால் "இதற்கு மேல் என்ன சான்று" என்ற இடத்தில் உடன்பட முடியவில்லை, ஐயா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இஸ்ரேலிலும் 1997-இல் சட்டம் வந்தது. 2011-இல் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளை ஒப்பிட்டார்கள். முன்பு ஒரு லட்சத்துக்கு 2.54, பின்பு 2.66. அதாவது மாற்றமே இல்லை. சட்டத்துக்கு முந்தைய இரண்டு வருடத்தில் மட்டும் இறப்பு தற்செயலாக அதிகம். அந்த இரண்டை மட்டும் எடுத்து ஒப்பிட்டிருந்தால் அங்கும் பெரிய வீழ்ச்சி போலத் தெரிந்திருக்கும். இத்தாலிய ஆய்வின் தொடக்க ஆண்டுகள் 1979, 1980 என்ற இரண்டுதான். அரிதான நிகழ்வுகளில் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதே முடிவை மாற்றிவிடும்.

இன்னொன்று. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களுக்கு ஈசிஜியும் எக்கோவும் எடுத்தது. 42 பேரிடம் ஆபத்தான குறை கண்டுபிடிக்கப்பட்டது. அது பெரிய விஷயம், அந்த 42 பேருக்கும் வழி கிடைத்தது. ஆனால் பிற்பாடு இதய நோயால் இறந்த எட்டு பேரில் ஆறு பேர், பரிசோதனையில் "எல்லாம் சரி" என்று அனுப்பப்பட்டவர்கள். 16 வயதில் தெரியாத நோய் 22 வயதில் தலைகாட்டலாம். ஒரு முறை எடுத்த பரிசோதனை ஆயுள் சான்றிதழ் ஆகாது.

நான் பரிசோதனைக்கு எதிரி அல்ல. எடுக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். எடுத்த பிறகு யார் விளக்குவார், யார் தொடர்ந்து பார்ப்பார், தவறான எச்சரிக்கையில் சிக்கிய பிள்ளையை யார் தாங்குவார் என்பதையும் சேர்த்துத் திட்டமிடாமல் பரிசோதனையை மட்டும் கட்டாயமாக்குவது பாதி வேலை. கடைசி500 எழுதியதைத் திரும்பப் படியுங்கள். அவருக்கு அளவு தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் பேச ஆளில்லை.


#7 · வெள்ளிச்சீட்டி · செவ்வாய், மாலை 6.00

கோபமில்லை அம்மா. இஸ்ரேல் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் என் பிள்ளைகளுக்கு எடுக்கத்தான் செய்வேன். அந்த 42 பேரில் ஒருவர் என் குழுவில் இருந்தால்? பாதி வேலை என்று நீ சொன்னதை ஏற்கிறேன். மீதிப் பாதியை நான் இதுவரை செய்ததில்லை. "டாக்டர் சொன்னபடி செய்" என்று அனுப்பிவிடுவேன்.


#8 · நிழல்இருக்கை · செவ்வாய், இரவு 10.50

இதைப் பார்த்துவிட்டு எழுதாமல் தூங்க முடியவில்லை.

19 வயதில் என்னிடமும் நிறுத்து என்றார்கள். கைப்பந்து. எனக்கு உண்மையிலேயே எச்சிஎம். மூன்று மாதம் கழித்தும் சுவர் இறங்கவில்லை, மரபணுச் சோதனையிலும் தெரிந்தது. நெஞ்சில் ஐசிடி வைத்தார்கள், துடிப்பு ஆபத்தாக மாறினால் அதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் சிறு கருவி. இப்போது 31. நன்றாக இருக்கிறேன். தம்பி, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விஷயத்தில் மோசமான பதில் வந்தாலும் அது வாழ்க்கையின் முடிவு அல்ல.

என்னை உடைத்தது நோய் அல்ல. அதற்கு அடுத்த வாரம். அணியின் வாட்ஸ்அப் குழுவில் பயிற்சி நேரம் வரும், நான் போக முடியாது. பிறகு யாரோ நல்லெண்ணத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்கள், பார்த்து வருத்தப்படக் கூடாதென்று. அன்றுதான் அழுதேன். பத்து வருடமாகக் காலை நாலரைக்கு எழுந்த உடம்பு தொடர்ந்து நாலரைக்கு எழுந்தது. எழுந்து என்ன செய்வது என்று தெரியாது. யாராவது "நீ யார்" என்று கேட்டால் கைப்பந்து வீராங்கனை என்றுதான் சொல்லியிருப்பேன். அது போனதும் அந்தக் கேள்விக்கே பதில் இல்லாமல் போனது.

மருத்துவமனையில் என் இதயத்தை நான்கு விதமாகப் படம் எடுத்தார்கள். எப்படித் தூங்குகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.


#9 · மறுமூச்சு · புதன், காலை 8.05

விளையாட்டு உளவியலில் ஆலோசகராக இருக்கிறேன். நிழல்இருக்கை, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதற்குத் துறையில் ஒரு பெயர் இருக்கிறது, வீரர் அடையாளம். 1993-இல் ப்ரூவரும் கூட்டாளிகளும் அதை அளக்க ஒரு வினாத்தாளே உருவாக்கினார்கள். "நான் விளையாட்டு வீரர்" என்பது ஒருவரைப் பற்றிய ஒரே பதிலாக இருக்கும்போது, அது உச்சத்துக்கு ஏற உதவுகிறது. காயமோ நோயோ வந்து நிறுத்தும்போது அதே காரணத்தால் வீழ்ச்சி ஆழமாகிறது. இது பலவீனம் அல்ல. ஒரு விஷயத்துக்கு முழுமையாகத் தன்னைக் கொடுத்தவருக்கு நடப்பது. உச்சநிலை வீரர்களின் மனநலம் பற்றி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் தனியாக ஒரு கூட்டறிக்கை வெளியிட்டது. மனநலத்தை உடல்நலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்ற நிலைக்குத் துறை வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

கடைசி500, உங்கள் நாடி எண்ணும் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். அது எப்படி வளர்கிறது என்று பாருங்கள். பயம் வருகிறது. எண்ணுகிறீர்கள். 44 என்றதும் ஒரு நிமிடம் நிம்மதி. மூளை கற்றுக்கொள்வது "எண்ணியதால் தப்பித்தேன்" என்பதை. அடுத்த முறை பயம் சீக்கிரம் வருகிறது, எண்ணிக்கை கூடுகிறது. கவனம் முழுக்க நெஞ்சிலேயே இருப்பதால், எல்லோருக்கும் அவ்வப்போது வந்து போகிற கூடுதல் துடிப்புகூடப் பெரிதாகக் கேட்கிறது. பதற்றத்தில் அட்ரினலின் ஏறி நாடி வேகமாகிறது, அதைப் பார்த்து இன்னும் பதற்றம். 44 என்பது நல்ல பயிற்சி பெற்ற இதயத்தில் ஓய்வுநேரத்தில் சாதாரணமாக வரும் எண்.

எண்ணுவதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் முடியாது. தள்ளிப்போடுங்கள். எண்ணத் தோன்றியதும் பத்து நிமிடம் கழித்து எண்ணுகிறேன் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடம் பயம் ஏறி, தானாக இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும். அடுத்த வாரம் இருபது நிமிடம். கைக்கடிகாரத்தில் நாடி காட்டும் வசதி இருந்தால் இரவில் கழற்றி வேறு அறையில் வையுங்கள்.

இதை நிபந்தனையோடு சொல்கிறேன். உடலை வருத்தும்போது மயக்கம், நெஞ்சு வலி, காரணமில்லாமல் நீண்ட நேரம் தாறுமாறாக அடிப்பது, இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடும் பேச்சே இல்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஓய்வில் படுத்திருக்கும்போது எண்ணிப் பார்ப்பது வேறு, அறிகுறி வேறு.

அப்புறம், படகிலிருந்து முழுதாக விலகிவிடாதீர்கள். துடுப்பு பிடிக்கக் கூடாது என்றால் சுக்கான் பிடிக்கலாமா என்று டாக்டரிடமும் பயிற்சியாளரிடமும் கேளுங்கள். காணொளி எடுப்பது, இழுப்பின் நேரத்தைக் குறிப்பது, எதுவானாலும் சரி. நாலரை மணிக்கு எழுந்தால் போக ஓர் இடம் இருக்க வேண்டும்.


#10 · காலைநடை · புதன், காலை 10.20

இழையைத் திசை திருப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கு 51. நான்கு வருடமாக ஓடுகிறேன். இதையெல்லாம் படித்தால் அதிகம் ஓடுவது இதயத்துக்குக் கெடுதலோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?


#11 · அலைவரிசை · புதன், பகல் 12.40

நிறுத்த வேண்டாம், ஐயா. 1953-இல் ஜெர்மி மோரிஸ் லண்டன் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. எழுபது வருடமாக அந்தத் திசை மாறவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதுதான் 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது.

மிக அதிகமாகச் செய்பவர்களிடம் ஒரு விஷயம் தென்படுகிறது, மறைக்கவில்லை. சுவீடனின் 90 கி.மீ. பனிச்சறுக்குப் போட்டியில் கலந்துகொண்ட 52,755 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு முறை முடித்தவரைவிட ஐந்து முறையோ அதற்கு மேலோ முடித்தவருக்கு இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகம். பெரும்பாலும் மேலறை படபடக்கும் வகை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறவரைப் பற்றிய எண் அல்ல இது.


#12 · தங்கமீன் · புதன், மாலை 4.30

நீச்சல் வீராங்கனை. ஒரு கேள்வி. #2-இல் வந்த 947 பேர் ஆய்வில் 13 மி.மீ.ஐத் தாண்டிய 16 பேரும் ஆண்கள்தானே? எங்களுக்கு எல்லை எது? என் அணியில் ஒரு பெண்ணுக்கு 12 வந்தது, "13-க்குக் கீழ்தானே, சரி" என்று அனுப்பிவிட்டார்கள்.


#13 · அலைவரிசை · புதன், மாலை 5.50

மிக நல்ல கேள்வி, இதை நானே முன்பு எழுதியிருக்க வேண்டும். ஆம், அனைவரும் ஆண்கள். 1996-இல் அதே பெலிச்சியா குழு 600 உச்சநிலை வீராங்கனைகளை அளந்தது. ஒருவருக்குக்கூட 12 மி.மீ.ஐத் தாண்டவில்லை. பெண்களுக்கு 12 என்பதே மேல் விளிம்பு. ஆண்களுக்கான எல்லையை வைத்து "சரி" என்று அனுப்பியது தவறாகிவிடக்கூடும். அந்தத் தோழியை விளையாட்டு இதயவியல் தெரிந்த ஒருவரிடம் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.


#14 · சராசரிக்குக்கீழே · புதன், இரவு 9.00

தங்கமீன் தொட்டது எங்கள் துறையின் பெரிய ஓட்டை. 2014-இல் விளையாட்டு மருத்துவ இதழ்களின் 1,382 கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களில் பெண்கள் 39 சதவீதம்தான். 13 மி.மீ. போன்ற ஓர் எண் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால், அது யாரை அளந்து வந்தது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "220 கழித்தல் வயது" என்ற உச்ச இதயத்துடிப்புச் சூத்திரமும் அப்படித்தான். 1971-இல் சில ஆய்வுகளின் புள்ளிகள் மீது கண்மதிப்பாக இழுத்த கோடு. 2001-இல் டனாகா குழு நிறையத் தரவைத் திரட்டி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னது. ஆனாலும் இன்றுவரை உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரில் பழையதுதான் தொங்குகிறது.

சரி, நிழல்இருக்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களை நிறுத்தச் சொன்ன காலத்தில் விதி அதுவாகத்தான் இருந்தது. 2005-இல் வந்த அமெரிக்க வழிகாட்டல், எச்சிஎம் உள்ளவர்கள், ஐசிடி வைத்தவர்கள் ஆகியோர் பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலக வேண்டும் என்றது. அதற்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் நிபுணர்களின் அச்சம், தரவு குறைவு. பிறகு ரேச்சல் லாம்பெர்ட் குழு, விதியை மீறித் தொடர்ந்து விளையாடிய 372 ஐசிடி வீரர்களைப் பின்தொடர்ந்தது. 2013-இல் முடிவு வந்தது. சிலருக்கு விளையாடும்போது கருவி அதிர்வு கொடுத்தது. ஆனால் விளையாட்டின்போது இறப்பு ஒன்றுகூட இல்லை. 2023-இல் எச்சிஎம் உள்ளவர்கள், அந்த மரபணு மட்டும் உள்ளவர்கள் என 1,660 பேரைப் பார்த்த ஆய்வு, கடினமாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மிதமாகச் செய்தவர்களுக்கும் ஆபத்தில் வித்தியாசம் காணவில்லை.

இதை "எல்லோரும் போய் விளையாடலாம்" என்று படிக்கக் கூடாது. அவர்கள் யாரும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்ல, தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள். நல்ல மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். ஆனால் கதவை மூடிவிட்டுப் போவதிலிருந்து, மருத்துவரும் வீரரும் எதிரெதிரே உட்கார்ந்து ஆபத்தைப் பேசி முடிவெடுப்பது என்ற இடத்துக்குத் துறை நகர்ந்துவிட்டது.


#15 · நிழல்இருக்கை · புதன், இரவு 11.30

2013-இல் வந்ததா. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே தெரியாது. இந்த மாதச் சோதனையில் இதை அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். போட்டிக்குத் திரும்ப ஆசையில்லை. மாலையில் பிள்ளைகளோடு வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஆட முடியுமா என்று மட்டும் கேட்க வேண்டும்.


#16 · வெள்ளிச்சீட்டி · வியாழன், காலை 6.10

இரண்டு நாளாக இந்த இழை என் தலைக்குள் ஓடுகிறது. ஒரு விஷயத்தில் நாம் எல்லோரும் ஒத்துப்போகலாம். பரிசோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சிலர் தப்பிவிடுவார்கள், அந்தப் பெண் சொன்ன ஆறு பேரைப் போல. அப்போது மைதானத்தில் இருப்பவர்களின் கைதான் மருந்து.

2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். சில நொடிகளில் சக வீரர்கள் சூழ்ந்தார்கள், மருத்துவக் குழு மார்பை அழுத்தியது, இதயத்துக்கு அதிர்வு கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் வந்தது. ஐசிடி வைத்தார்கள். இத்தாலியில் ஐசிடியோடு ஆட அனுமதி இல்லை என்பதால் இங்கிலாந்து போய் ஆடினார். 2024 யூரோ போட்டியில் கோல் அடித்தார். இதயம் நின்ற பிறகு அதிர்வு கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அமெரிக்க நெடுந்தூர ஓட்டங்களில் 2000 முதல் 2010 வரை இருந்ததையும் 2010 முதல் 2023 வரை இருந்ததையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இதயம் நிற்கும் விகிதம் ஏறக்குறைய அதேதான். இறப்பு விகிதம் பாதியாகிவிட்டது. விழுவது குறையவில்லை, எழுப்புவது கூடியிருக்கிறது.

இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இன்று உங்கள் பயிற்சி இடத்தில் ஏஇடி பெட்டி (யாரும் பயன்படுத்தக்கூடிய தானியங்கி டிஃபிப்ரிலேட்டர்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூட்டியிருக்கிறதா, சாவி யாரிடம், ஒட்டும் பேடுகளின் காலாவதித் தேதி என்ன. நான் இப்போதே போகிறேன்.


#17 · மறுமூச்சு · வியாழன், காலை 9.15

ஐயா, "மீதிப் பாதி" என்று #7-இல் எழுதியிருந்தீர்கள். அதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒருவரை நிறுத்தச் சொன்ன அன்று மாலை நீங்கள் தொலைபேசியில் அழைத்தால் போதும். நிறுத்தி வைத்தவரைப் பயிற்சி அட்டவணையிலிருந்து நீக்காமல், அவர் பெயருக்கு எதிரே வேறு வேலை எழுதுங்கள். திரும்ப வரும்போது தினமும் "தூக்கம் எப்படி, உடம்பு எப்படி, மனசு எப்படி" என்று கேளுங்கள். 2016-இல் 56 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சிச் சுமையின் பாதிப்பை இரத்தப் பரிசோதனை, நாடி அளவு போன்றவற்றைவிட வீரர் தானே சொல்லும் பதில்கள் நன்றாகக் காட்டின.


#18 · வெள்ளிச்சீட்டி · வியாழன், காலை 9.40

எழுதி வைத்துக்கொண்டேன். பெட்டி அலுவலக அறையில் இருந்தது, அறை பூட்டியிருந்தது. வெளிச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன்.


#19 · கடைசி500 · பதினைந்து வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 7.30

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். பதில் வந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன்.

சுவர் 11.5. அறை 56. எம்ஆர்ஐ-யில் தழும்பு இல்லை. இந்த முறை கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன், நாற்பது நிமிடம் பேசினார்கள். பயிற்சியால் வந்ததாகவே பார்க்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும் எக்கோ. படிப்படியாகத் திரும்பலாம்.

முதல் மூன்று வாரம் மிக மோசம். பத்து நிமிடம் தள்ளிப்போடுவது மலை ஏறுவது போல இருந்தது. ஒரு நாள் ஆறாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன், காலையில்தான் தெரிந்தது. இப்போதும் வாரத்தில் ஓரிரு முறை கை மணிக்கட்டுக்குப் போகிறது.

இரண்டாவது மாதத்திலிருந்து சுக்கான் இருக்கையில் உட்கார்ந்தேன். என் இடத்தில் தாளம் கொடுத்த பையன் இழுப்பின் முடிவில் அவசரப்படுவதை முதல் முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். நானும் அதையே செய்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது. பின்னால் இருந்தவர்கள் எட்டு வருடமாகச் சொன்னது அதுதான்.

எங்கள் படகுத்துறை ஏஇடியின் பேடுகள் காலாவதியாகி பதினாறு மாதம் ஆகியிருந்தது. புதியது வந்துவிட்டது. நால்வரும் மார்பை அழுத்தி உயிர் மீட்கும் சிபிஆர் பயிற்சி எடுத்தோம்.

உடல்திறன் எவ்வளவு போயிருக்கும் என்பதுதான் இப்போது கவலை.


#20 · சராசரிக்குக்கீழே · ஞாயிறு, இரவு 8.10

மிக்க மகிழ்ச்சி! திறனைப் பற்றி: 1966-இல் டல்லாஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. பிறகு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்ததும் இழந்ததை மீட்டார்கள். நீங்கள் படுத்திருக்கவில்லை, நடந்தீர்கள், படகில் இருந்தீர்கள். திரும்ப வரும். அவசரப்படுத்தாதீர்கள்.


#21 · நிழல்இருக்கை · ஞாயிறு, இரவு 10.05

11.5 என்ற வரியை மூன்று முறை வாசித்தேன். என் டாக்டரும் வலைக்கு முன் நிற்க அனுமதி கொடுத்திருக்கிறார், சில நிபந்தனைகளோடு. தண்ணீரில் இறங்கிய அன்று எழுதுங்கள் தம்பி.


#22 · கடைசி500 · செவ்வாய், காலை 7.50

இன்று இறங்கினேன், அக்கா. இருபது நிமிடம், மெதுவாக, இரண்டாவது இருக்கையில். கையில் கொப்புளம் வந்துவிட்டது.